ஆய்வகம் தொழிலுக்குத் தோள் கொடுத்த படலம்

ஒரு நாட்டின் தொழில்வளம் எதன் மேல் நிற்கிறது என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் இரும்பு என்பார்கள், மின்சாரம் என்பார்கள், உழைப்பு என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். உண்மையில் அது எங்கள் தேசிய மின்வேதியியல் ஆய்வகத்தின் மாடியிலுள்ள கூட்ட அறையின் மேல் நிற்கிறது. மாடியில் இருப்பதால் தொழில் நடத்துகிறவர்களுக்கு அது சட்டென்று எட்டுவதில்லை, அவ்வளவுதான். அந்த அறைக்கு நாற்காலி போடுவது, நாற்காலிக்கு ஆள் பிடிப்பது, பிடித்த ஆள் தூங்கிவிடாமல் தேநீர் வரவழைப்பது ஆகிய தேசப் பணிகள் என்னுடையவை. என் பதவியின் பெயர் 'தொழில் உறவு அதிகாரி'.

மின்வேதியியல் என்றால் மலைத்துப்போக வேண்டாம். மின்சாரமும் ரசாயனமும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிற சமாசாரம். பேட்டரி அந்த வீட்டுப் பிள்ளை. முலாம் பூசுவது அந்த வீட்டுப் பெண். துரு என்பது, யாரும் அழைக்காமல் வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்ட தூரத்து உறவு. இந்த மூன்றில் எதனால் கஷ்டம் வந்தாலும் நாட்டின் தொழிலதிபர்கள் எங்களைத் தேடித்தான் வர வேண்டும். வந்தவர் எவரும் வெறுங்கையோடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. ஒரு கோப்புறை, ஒரு பேனா, எங்கள் சின்னம் பதித்த ஒரு பீங்கான் குவளை ஆகியவற்றோடுதான் திரும்பியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஆய்வகத்தின் பெருமைக்கு ஒருமுறை களங்கம் வந்தது. அதைக் கொண்டுவந்தது என் உடன்பிறந்த அக்கா.

அக்கா முலாம் பட்டறை வைத்திருக்கிறாள். மோட்டார் பழுது பார்க்கும் கடைகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே வரிசையாகத் தொட்டிகள். ஒன்றில் அமிலம், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் பச்சைப்பசேலென்று நிக்கல் கரைசல். ஒரு முனையில் கறுத்த இரும்பாக உள்ளே போவது மறுமுனையில் முகம் பார்க்கிற கண்ணாடியாக வெளியே வரும். அங்கே பூசப்படுவது பெரும்பாலும் சக்கர நாற்காலிகளின் கைவளையம். அதாவது, உட்கார்ந்திருப்பவர் தாமே பிடித்துத் தள்ளிக்கொண்டு போவதற்காகச் சக்கரத்தை ஒட்டி இருக்குமே, அந்த வட்டக் குழாய்.

ஒருநாள் அக்கா என் வீட்டுக்கு வந்து அப்படி ஒரு வளையத்தை மேசை மேல் போட்டாள்.

"ஏன்டா, உங்க ஆபீஸ்ல என்னதான் செய்றீங்க?"

"தொழிலுக்குத் தோள் கொடுக்கிறோம்க்கா."

"தோள் வேண்டாம். மூளை மிச்சம் இருந்தா கொஞ்சம் கொடுங்க. இதைப் பாரு."

நகத்தால் வளையத்தைச் சுரண்டினாள். வெங்காயச் சருகு மாதிரி முலாம் உரிந்து வந்தது. தொட்டுப் பார்க்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாதே, பிளேடு மாதிரி அறுக்கும். நம்ம தையல்காரரை அறுத்துடுச்சு."

பட்டறைக்கு அடுத்த தெருவில் ஒரு தையல்காரர் இருக்கிறார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை மிஷினில் தைப்பவர். அவர் நாற்காலியின் வளையம் அக்கா பட்டறையில் பூசியது. உள்ளங்கையைக் குறுக்கே கிழித்துவிட்டது. அவர் சண்டைக்கு வரவில்லை. கட்டுப் போட்ட கையோடு தாமே நாற்காலியை ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு, கோணல்மாணலாக, வந்து சேர்ந்திருக்கிறார்.

"துணி கிழிஞ்சா நான் தைச்சிருவேன்ம்மா. கை கிழிஞ்சா தைக்க எனக்குத் தெரியலை. வேற யாருக்கும் ஆயிடக் கூடாதுன்னுதான் சொல்ல வந்தேன்" என்றாராம்.

அவர் திட்டியிருந்தால் அக்கா பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். அவர் திட்டாமல் போய்விட்டதுதான் அவளால் தாங்க முடியவில்லை. அன்றே நாற்காலிக் கம்பெனிக்குப் போன் போட்டு, சரியாகும்வரை ஒரு வளையம்கூட வெளியே வராது என்று சொல்லிவிட்டாள். கொஞ்ச காலம் பொறுப்போம், பிறகு வேறு பட்டறை பார்த்துக்கொள்வோம் என்றார்கள் அவர்கள். அமிலத்தை மாற்றினாள், உப்பை மாற்றினாள், குழாயைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். உரிவது நிற்கவில்லை. பட்டறை ஆட்கள் தொட்டியைச் சுற்றி, நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள்.

"நாளைக்கே வாக்கா. எங்ககிட்ட இல்லாத விஞ்ஞானமா!" என்றேன்.

மறுநாள் அக்கா ஒரு பையில் வளையமும் ஒரு புட்டியில் பச்சைக் கரைசலுமாக வந்தாள். முலாம் பிரிவுக்கு அழைத்துப் போனேன். அந்தப் பிரிவின் விஞ்ஞானியை நாங்கள் 'முலாம் மேடம்' என்போம். முலாம் பூசாமல் பேசுகிற ஒரே ஆள் என்பதால் வைத்த பெயர். அவர் உரிந்த தகட்டின் பின்பக்கத்தைப் பார்த்தார். புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். சிரித்துவிட்டார்.

"ஓ, இதுவா! ஒண்ணும் பயப்படாதீங்கக்கா. நீங்க தொட்டியில—"

"நிறுத்துங்க!"

வாசலில் எங்கள் இயக்குநர். ஓடி வந்ததில் அவர் கழுத்துப்பட்டை தோளுக்குப் போயிருந்தது.

"மேடம், இதுக்கு விடை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"படிச்சவங்க எல்லாருக்கும் தெரியும் சார். புஸ்தகத்துலயே இருக்கு."

"அப்படின்னா இது ரொம்ப முக்கியமான விடை. முதல்ல ரகசியக் காப்பு ஒப்பந்தம் போடணும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையிலிருந்த மின்விசிறியைப் பார்த்தேன்.

இயக்குநர் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். "இப்ப பதில் சொன்னா அம்மா என்ன செய்வாங்க? வாங்கிக்கிட்டுப் போயிடுவாங்க. போயிட்டா அப்புறம் உறவு எங்கே இருக்கு? நீங்கதானே தொழில் உறவு அதிகாரி, சொல்லுங்க."

"உறவு இருக்காது சார்" என்றேன். உடன்பிறந்தவளை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல ஒரு நெஞ்சுரம் வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

"சார், ஒரே வார்த்தைதான். மேடத்தை ஒரு ஓரமாக் கூட்டிட்டுப் போய்க் கேட்டுக்கிறேனே" என்றாள் அக்கா.

"ஓரமா சொன்னா அது அரட்டைம்மா. மேடையில சொன்னாத்தான் தொழில்நுட்பப் பரிமாற்றம்."

அக்கா பீங்கான் குவளையோடு வீட்டுக்குத் திரும்பினாள். விடை கசிந்துவிடக் கூடாது என்ற நாட்டு நலன் கருதி, முலாம் மேடம் அன்றைய ரயிலிலேயே வெளியூருக்கு அனுப்பப்பட்டார். 'தொழில்துறையின் கேள்விகளுக்கு உடனுக்குடன் விடையளிப்பது எப்படி' என்ற நீண்ட பயிற்சி முகாமுக்கு. முகாமில் கவனம் சிதறாமல் இருக்க அங்கே போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அக்கா சும்மா இருப்பவள் இல்லை. வேறு விஞ்ஞானிகளிடம் கேட்டுச் சொல்லச் சொன்னாள். பேட்டரிப் பிரிவுக்குப் போனேன். "தெரியும், ஆனா முலாம் விஷயத்துல நாங்க மூக்கை நுழைச்சா, அவங்க நாளைக்குப் பேட்டரியில நுழைப்பாங்க" என்றார்கள். துருப் பிரிவில் இன்னும் அன்பாக நடந்துகொண்டார்கள். "உரியறது எங்க பிரிவு இல்லை. உரிஞ்ச இடத்துல நல்லாத் துரு பிடிக்கட்டும், அப்பக் கொண்டுவாங்க. ராஜ உபசாரம் பண்றோம்."

இதற்கிடையே மாடியில் கூட்டம் கூடியது. அக்கா பட்டறைக்குத் தோள் கொடுக்கலாமா என்பதல்ல விவாதம். அக்கா பட்டறை 'தொழில்துறை'தானா என்பது.

"புகைபோக்கி இருக்கா?" என்றார் நிர்வாகப் பிரிவுத் தலைவர்.

"ஜன்னல் இருக்கு" என்றேன்.

"சங்கு ஊதுமா?"

"அக்கா கத்துவா. தெருமுனை வரைக்கும் கேட்கும்."

"அவங்ககிட்ட தொழில் இருக்குன்னு தெரியுது. துறை இருக்கான்னுதான் சந்தேகம்" என்றார் அவர்.

அவை ஆழ்ந்து யோசித்தது. சிறு தொழிலா, குறுந்தொழிலா, அதற்கும் கீழா என்று தமிழில் உள்ள சிறுமைச் சொற்களெல்லாம் தீரும்வரை பேசினோம். கடைசியில் இயக்குநர் ஒரு தீர்வு கண்டார். அடுத்து மேலிடத்துப் பார்வையாளர்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் கையெழுத்துப் போட ஒரு தொழிலதிபர் தேவை. ஆகவே அக்கா தொழிலதிபர். ஒருமனதாக நிறைவேறியது. கையெழுத்துப் போட ஒரு மேடை, மேடைக்கு ஒரு பின்திரை, பின்திரைக்கு ஒரு வாசகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைக்குழு அமைந்தது. விடைக்கு மட்டும் குழு தேவைப்படவில்லை. அதுதான் ஏற்கெனவே தெரியுமே.

நாள் நெருங்க நெருங்க அக்காவின் பேச்சு குறைந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பட்டறைக்குப் போனபோது பாதித் தொட்டிகள் மூடிக் கிடந்தன. மெருகு போடுகிறவர் லாரி ஓட்டப் போய்விட்டார். நாற்காலிக் கம்பெனி வேறு ஆளிடம் பேசிக்கொண்டிருப்பதாகச் சேதி வந்திருந்தது. அக்கா அமிலத் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து தையல்காரரின் வளையத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். உரிந்த முலாமை முழுக்க எடுத்துவிட்டு, வெறும் இரும்பாகவாவது திருப்பித் தர வேண்டுமாம்.

"அந்த மேடம் சிரிச்சாங்கடா" என்றாள். "இத்தனை நாளா எனக்குத் தூக்கம் இல்லை. அவங்க புட்டியைப் பார்த்ததும் சிரிச்சாங்க. அப்ப அது எவ்வளவு சின்ன விஷயமா இருக்கும்!"

"பெரிய விஷயமா ஆக்கத்தான்க்கா இவ்வளவு பேர் பாடுபடுறோம்."

அவள் உப்புத்தாளை என் மேல் விட்டெறிந்தாள். குறி தவறவில்லை.

விழா நாள் வந்தது. அச்சகத்துக்காரர் பின்திரையில் 'தொழிலுக்குத் தோல் கொடுப்போம்' என்று அச்சடித்துக் கொண்டுவந்து கட்டியிருந்தார். நான் பதறினேன். இயக்குநர் பதறவில்லை. "முலாம்னாலே தோல்தானே? நம்ம விஞ்ஞானம் அந்த ஆளுக்குப் புரிஞ்சிருக்கு" என்றார். தலைமை என்றால் அது.

பார்வையாளர்கள் முன்வரிசையில் அமர்ந்தார்கள். பயிற்சி முடிந்து திரும்பிய முலாம் மேடம், முன்னெச்சரிக்கையாக, கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்காரவைக்கப்பட்டிருந்தார். இயக்குநர் பேசினார். நாட்டின் வருங்காலம் முலாம் பூசப்படக் காத்திருக்கிறது என்றார். பிறகு 'புரிந்துணர்வு ஒப்பந்தம்' வெல்வெட் துணி போர்த்திய தட்டில் வந்தது. கையெழுத்துக்கு முன்னால் தொழிலதிபர் இரண்டு வார்த்தை பேச வேண்டும். வணக்கம் என்பது ஒன்று, நன்றி என்பது மற்றொன்று. நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

அக்கா ஒலிபெருக்கியைப் பிடித்தாள். பட்டறையில் சங்குக்குப் பதிலாகக் கத்துகிறவளுக்கு அது தேவையே இல்லை.

"மேடம்! தூணுக்குப் பின்னாடி இருக்கீங்களே, உங்களைத்தான். அன்னைக்குத் 'தொட்டியில'ன்னு ஆரம்பிச்சீங்க. தொட்டியில என்ன?"

இயக்குநர் எழுந்தார். நான் ஒலிபெருக்கியின் ஒயரைத் தேடினேன். கிடைத்தது. ஏனோ அதைப் பிடுங்காமல் அதன் மேலேயே நின்றுகொண்டிருந்தேன்.

முலாம் மேடம் தூணுக்கு இந்தப் பக்கம் வந்தார். முன்வரிசையைப் பார்த்தார், இயக்குநரைப் பார்த்தார், கடைசியில் அக்காவைப் பார்த்தார்.

"தொட்டியைக் கலக்கக் காத்து அடிக்கிறீங்க இல்லையா, எதுல அடிக்கிறீங்க?"

"பக்கத்து மெக்கானிக் கடை கம்ப்ரெஸர்ல. டயருக்கு அடிக்கிறது."

"பழசா?"

"கிழம்."

"அது காத்தோட எண்ணெயையும் சேர்த்துத் துப்புது. எண்ணெய் கரைசல்ல கலந்துட்டா முலாம் ஒட்டாது, உரியும். கம்ப்ரெஸரை எடுத்துட்டு எண்ணெய் இல்லாத புளோயர் வைங்க. கரைசல்ல முலாம் வேலைக்குன்னே விக்கிற கரித்தூளைப் போட்டுக் கலக்கி, தெளிஞ்சதும் வடிகட்டுங்க. எண்ணெயைக் கரி இழுத்துக்கும். அவ்வளவுதான்க்கா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நான் எழுதிக் கொடுத்த இரண்டு வார்த்தைகளையும் வரிசை மாற்றிச் சொன்னாள். முதலில் நன்றி, அதைத் தூணைப் பார்த்து. அப்புறம் வணக்கம், அதை மேடையைப் பார்த்து. வெல்வெட் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கி, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

முன்வரிசைப் பார்வையாளர்களில் ஒருவர் கை தட்டினார். மேலிடம் தட்டினால் அது தும்மலாக இருந்தாலும் எல்லாரும் தட்டுவது மரபு. அரங்கம் அதிர்ந்தது. இயக்குநரும் தட்டினார். அவர் கை தட்டியது முகத்துக்குத் தெரியவில்லை.

சில நாள் கழித்துப் பட்டறைக்குப் போனேன். கம்ப்ரெஸர் மெக்கானிக் கடைக்கே திரும்பிப் போயிருந்தது. புளோயர் முனகிக்கொண்டிருந்தது. தொட்டியிலிருந்து எடுத்த வளையத்தை அக்கா நகத்தால் சுரண்டினாள், வரவில்லை. கத்தியால் கீறினாள், வரவில்லை. சுத்தியலால் அடித்து நெளித்தாள். இரும்பு நெளிந்தது, முலாம் கூடவே நெளிந்தது, உரியவில்லை. தையல்காரர் ஆறிய கையோடு வந்து, தமக்கென்று புதிதாகப் பூசிய வளையத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு சுற்று முழுக்கத் தடவிப் பார்த்தார். பிறகு அதை நாற்காலியில் பொருத்தச் சொல்லி, கொட்டகைக்குள்ளேயே ஒரு முறை வேகமாகச் சுற்றி வந்தார். ஆட்கள் விசிலடித்தார்கள். நாற்காலிக் கம்பெனி பழைய பேச்சை விட்டுவிட்டு வண்டி அனுப்பியது. மெருகுக்காரர் லாரியை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்துசேர்ந்தார்.

ஆய்வகத்தில் துக்கம் அனுசரிக்கப்பட்டது. ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. திட்டம் தொடங்குவதற்குள் பிரச்சினை தீர்ந்துவிட்டது. இப்படி ஒரு விபத்து எங்கள் சரித்திரத்தில் இல்லை. ஆண்டறிக்கையில் இதை 'கைகூடாத முயற்சிகள்' என்ற தலைப்பில் சேர்க்கும்படி உத்தரவு வந்தது. சேர்த்தேன். முலாம் மேடத்திடம், கேள்வி முதிர்வதற்கு முன்பே விடையைப் பறித்தது ஏன் என்று விளக்கம் கேட்டார்கள். "கேட்டாங்க, சொன்னேன்" என்று எழுதிக் கொடுத்தார். அந்த விளக்கம் இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. அவரைக் குவளைகளுக்கு வண்ணம் தேர்வு செய்யும் குழுவுக்குத் தலைவராக்கினார்கள்.

அவர் விடுமுறை நாட்களில் அக்காவின் கொட்டகைக்குப் போகிறாராம். அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வருகிறார்கள், கேட்கிறார்கள், பதிலை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மேடை கிடையாது, பின்திரை கிடையாது. உறவு வளர வழியே இல்லாத கூட்டம்.

எங்கள் ஆய்வகத்தின் உண்மையான சேவையை அறிய ஆண்டு விழாவுக்கு வந்திருக்க வேண்டும். எங்கள் ஆதரவை மிக நீண்ட காலம் பெற்ற தொழிலதிபருக்கு அன்று கேடயம் வழங்கப்பட்டது. அவர் பேட்டரி முதலாளி. தம் பேட்டரிகள் ஏன் சீக்கிரம் செத்துப்போகின்றன என்று கேட்டு வெகு காலத்துக்கு முன் எங்களிடம் வந்தவர். அவரோடு போட்ட ஒப்பந்தம் தவறாமல் புதுப்பிக்கப்பட்டு இன்றும் இளமையோடு இருக்கிறது.

ஒலிபெருக்கியில் அழைத்தேன். யாரும் வரவில்லை. மறுபடி அழைத்தேன். வாசல் பக்கமிருந்து நீலச் சீருடை போட்ட ஒருவர், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்து மேடையேறினார்.

"யாருய்யா இது?" என்று இயக்குநர் என் காதைக் கடித்தார்.

"பேட்டரி முதலாளி சார்."

"வாட்ச்மேன் டிரெஸ்ல வந்திருக்காரே!"

"கம்பெனி மூடிடுச்சு சார். இப்ப நம்ம கேட்லதான் வேலை. டியூட்டி மாத்த ஆள் வரலையாம்."

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். ஒலிபெருக்கியை வாங்கி, தழுதழுத்த குரலில், "நம்மை நம்பி வந்த எந்தத் தொழிலதிபரையும் இந்த ஆய்வகம் கைவிட்டதில்லை!" என்றார். கரவொலி அடங்க வெகு நேரமாயிற்று.

கேடயத்தை வாங்கிக்கொண்டவர் இறங்கும்போது என் பக்கம் குனிந்தார்.

"சார், அந்தப் பேட்டரி ஏன் சாகுதுன்னு... ஏதாவது தெரிஞ்சுதா?"

"ஒப்பந்தம் இன்னும் முடியலையே" என்றேன்.

அவர் புரிந்துகொண்டு தலையாட்டினார். வெளியே விருந்தினர்களின் கார்கள் ஒலியெழுப்பின. கதவைத் திறந்துவிட ஓடினார்.

என் அக்காவுக்கு இந்தப் பாக்கியமெல்லாம் வாய்க்கவில்லை. கேடயமில்லை, கரவொலியில்லை, சீருடையில்லை. பாவம், அவளுக்கு எங்கள் ஆய்வகத்திலிருந்து கிடைத்தது வெறும் பதில்தான்.